ரேடியோ இல்லாத கடை

எங்கள் கடையில் ரேடியோ கிடையாது. நான் சிறுவனாக இருந்தபோது புதுக்கோட்டையில் சைக்கிள் கடை என்றால் ரேடியோவும் சேர்த்துத்தான். காலையில் இலங்கை வானொலியைத் திருப்பி வைத்தால் மத்தியானம் வரைக்கும் பாட்டு ஓடும். பாட்டுக் கேட்க நாலு பேர் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேராவது எழுந்து வாடகைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போவார்கள். வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனாலும் கீழ ராஜ வீதிக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த எங்கள் கடையில் அப்பா கடைசி வரைக்கும் ஒன்று வாங்கி வைக்கவில்லை. வீட்டில் ரேடியோ இருந்தது, ராத்திரி சாப்பிட்டுவிட்டு அதில் செய்தி கேட்பார். கடையில் மட்டும் கூடாது. "வண்டி பேசுறது காதுல விழணும்டா" என்பார்.

1977-இல், பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வர ஆரம்பித்தேன். முதல் மூன்று மாதம் கையில் ஸ்பேனர் தரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து, சீட்டிலும் ஹேண்டில் பாரிலுமாக நிறுத்திவிட்டு, என்னைத் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்வார். பிறகு பெடலைச் சுற்றுவார். "எங்கேருந்து வருது?" என்பார். முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. நாளாக ஆகப் பிரிய ஆரம்பித்தது. கரகரப்பு வேறு, கடகடப்பு வேறு. கிரீச்சிட்டால் எண்ணெய் கேட்கிறது. டக்கென்றால் எங்கோ ஆட்டம் இருக்கிறது.

ஆனால் சத்தம் எப்படி இருக்கிறது என்பதை அப்பா இரண்டாவதாகத்தான் கேட்பார். எத்தனை சுற்றுக்கு ஒரு தரம் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. மிதி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்றால் கிராங்கை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கும், அது சரியாக இருந்தால் பெடலையோ அந்த அச்சைத் தாங்கும் பி.பி. கப்பையோ பார்க்க வேண்டும். அதைவிட வேகமாக, பின் வீலோடு சேர்ந்து வந்தால் வீல் கோன், அல்லது ஒரு போக்ஸ் கம்பி எதிலோ தட்டுகிறது. இரண்டரைச் சுற்றுக்கு ஒரு தரம் வந்தால் செயினில் ஒரே ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கிறது. எங்களிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 44 பல், செயினில் 112 கண்ணி. 112-ஐ 44-ஆல் வகுத்தால் இரண்டரையும் கொஞ்சமும் வரும். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் இதை வகுத்துப் பார்த்ததில்லை, எண்ணித்தான் கண்டுபிடித்திருந்தார்.

அந்த 112 கண்ணிகளுக்குப் பின்னால் எவ்வளவு பேருடைய உழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். ஆரம்பத்தில் சைக்கிளுக்குச் செயினே இல்லை. முன் சக்கரத்தின் அச்சிலேயே பெடல். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரமும் பின்னால் குட்டியாக ஒன்றும் வைத்த வண்டியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் சக்கரத்தின் உயரம்தான் கியர். இங்கிலாந்தில் இன்றும் பழைய ஆட்கள் கியரை அங்குலத்தில் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். நம் 28 அங்குல வீலில், முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால் கணக்கு 68 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். அதாவது 68 அங்குல உயரச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து நேராக மிதிப்பதற்குச் சமம். வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்ட எந்தப் பையனும் தனக்குத் தெரியாமலே அந்த உயரத்தில்தான் போய்க்கொண்டிருந்தான்.

அந்த உயரத்திலிருந்து மனிதனைக் கீழே இறக்கியது செயின். சுவிட்சர்லாந்தில் ஆராவ் என்ற ஊரில் பிறந்து இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்த ஹான்ஸ் ரெனால்டு, 1879-இல் சால்ஃபோர்டில் ஒரு சின்ன செயின் பட்டறையை விலைக்கு வாங்கினார். அதுவரை செயினில் கண்ணிகளைக் கோக்கும் 'பின்' ஒன்றுதான் பாரம் தாங்கியது. மெல்லிய தகட்டின் ஓட்டையில் அது உரசி உரசிச் சீக்கிரம் தேயும், தேய்ந்ததும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். ரெனால்டு பின்னுக்கு மேல் புஷ் என்ற சின்னக் குழாயை மாட்டி, அதற்கு மேல் உருளையை ஓடவிட்டார். ஓட்டையின் விளிம்பில் விழுந்த பாரம் புஷ்ஷின் முழு அகலத்துக்கும் பரவியது. 1880-இல் அவர் காப்புரிமை வாங்கிய அந்த அமைப்புதான் இன்று வரை அடிப்படை. ஐந்து வருடம் கழித்து, 1885-இல், கோவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி பின் வீலைச் செயினால் ஓட்டும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். நம் தெருவில் ஓடும் வண்டி எல்லாமே அதன் வம்சம்.

அந்த வம்சத்து வண்டி செய்ய, சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949-இல். 1960-இல் அதே குழுமம் அமெரிக்காவின் டயமண்ட் செயின் கம்பெனியோடு சேர்ந்து செயின் தொழிற்சாலையும் வைத்தது. அந்த அமெரிக்கக் கம்பெனியின் செயினைத்தான் ரைட் சகோதரர்கள் 1903-இல் தங்கள் விமானத்தில் புரொப்பல்லர்களைச் சுற்றவைக்கப் போட்டிருந்தார்கள். டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் அவர்கள். நீளமான செயின் காற்றில் படபடத்து அடிக்காமல் இருக்க அதைக் குழாய்க்குள் ஓடவிட்டார்கள். இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை எனக்கு. செயின் அடித்துக்கொள்ளும் சத்தம் சைக்கிள் கடைக்காரன் காதுக்குத்தான் முதலில் உறைக்கும்.

எங்கள் பக்கத்தில் செயினுக்கு எமன் செம்மண். கந்தர்வகோட்டை, ஆலங்குடி பக்கத்திலிருந்து வரும் வண்டிகளின் செயின் கறுப்பாக இருக்காது, காவி நிறத்தில் இருக்கும். சத்தம் வருகிறது என்று லாரி பட்டறையில் கழிவு எண்ணெய் வாங்கி ஊற்றிவிடுவார்கள். இரண்டு நாளைக்குச் சத்தம் அடங்கும். அப்புறம் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து, அம்மியில் அரைத்த மாதிரி, உள்ளே பின்னையும் புஷ்ஷையும் அரைக்க ஆரம்பிக்கும். அப்பா செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைப்பார். காலையில் துடைத்து வெயிலில் காயப்போட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். கடைசியில் வெளியே ஒட்டியிருக்கும் எண்ணெயைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுவார். "எண்ணெய் உள்ளதான் இருக்கணும், வெளிய இருந்தா அது மண்ணுக்கு அழைப்பு" என்பது அவர் பேச்சு.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, இரும்புத் தகடு எங்கேயும் நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின் தேய்ந்து மயிரிழை இடம் விடுகிறது. 112 மயிரிழை சேர்ந்தால் செயின் தொங்குகிறது. ஒரு கண்ணி அரை அங்குலம், ஆகவே 24 கண்ணி சரியாக 12 அங்குலம். இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்து, 12-க்கு மேல் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பல்லும் சேர்ந்து போயிருக்கும். அந்த ஸ்கேல் இன்னும் என் மேஜையில் கிடக்கிறது. எழுத்து அழிந்துவிட்டது, கோடு தெரிகிறது.

எல்லாச் சத்தமும் பழுது ஆகாது, சத்தம் இல்லாததெல்லாம் சரியும் ஆகாது. இதை நான் பிரீவீலில் கற்றேன். மிதிப்பதை நிறுத்தினால் பின்னாலிருந்து கிரகிரவென்று ஒரு ஓசை வருமே, அது உள்ளே இருக்கும் இரண்டு சின்ன இரும்பு நாக்குகள் பல்லின் மேல் தட்டிக்கொண்டே போவது. முடி மாதிரி ஒரு ஸ்பிரிங் அவற்றை நிமிர்த்திப் பிடித்திருக்கும். ஒரு தடவை நான் ஆர்வக்கோளாறில் பிரீவீலைத் திறந்து (மேல் மூடிக்கு இடது மரை, அதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது) நன்றாகக் கழுவி, உள்ளே கிரீஸை அப்பி மூடினேன். வண்டி பூனை மாதிரி ஓடியது. பெருமையாக அப்பாவிடம் சுற்றிக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. கிரீஸில் நாக்கு ஒட்டிக்கொண்டால் எழுந்து பல்லைப் பிடிக்காது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிறவனுக்குக் கால் திடீரென்று வெறுமையில் இறங்கும், பாரில் மோதி விழுவான். அன்றைக்கே திறந்து மறுபடி கழுவவைத்தார். பிரீவீலுக்கு மெல்லிய எண்ணெய் மட்டும்தான். நான் தூங்கும் நேரத்தில் கேட்டாலும் அந்த வித்தியாசம் எனக்கு இப்போது தெரியும்.

அதே பாடத்தை அப்பா தனக்குத் தானே படித்துக்கொண்டது 1979-இல். ஊரில் பழைய வக்கீல் ஒருவர், சமஸ்தானக் காலத்திலிருந்து தொழில் செய்தவர், ஒரு ராலே சைக்கிள் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு மகன் அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்தார். ஹேண்டில் பாரில் கட்டை விரலால் தள்ளும் ஒரு சின்ன லீவர். அதிலிருந்து கம்பி போய்ப் பின் வீலின் அச்சுக்குள் ஒரு பொடிச் சங்கிலியாக நுழையும். வெளியே ஒரே ஒரு பல்சக்கரம், கியர் முழுக்க ஹப்புக்குள். எங்கள் கடைக்கு வந்த முதல் கியர் வண்டி அதுதான். "மிதிக்கும்போது டிக் டிக்னு வருது, உள்ள ஏதோ உடைஞ்சிருக்கு போல" என்றார் மகன். மிதிக்கும்போது பிரீவீல் சத்தம் வரக்கூடாது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த விதி. அப்பா ஹப்பைத் திறந்தார்.

தினத்தந்தியை விரித்து, கழற்றிய வரிசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். நடுவில் அச்சோடு அசையாமல் நிற்கும் 20 பல் சக்கரம். அதைச் சுற்றி ஓடும் 20 பல் சக்கரங்கள் நான்கு. வெளியே உள்பக்கம் பல் வெட்டிய 60 பல் வளையம். சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் போகிற மாதிரியான அமைப்பு. வளையத்தை ஓட்டி, கிரகங்களைத் தாங்கும் கூட்டிலிருந்து வேகத்தை எடுத்தால் பல்சக்கரம் நாலு சுற்றுக்கு வீல் மூன்று சுற்று, மேட்டுக்கு நல்லது. திருப்பி எடுத்தால் மூன்று சுற்றுக்கு வீல் நாலு சுற்று. நடுக் கியரில் ஒன்றுக்கு ஒன்று. அப்பா எல்லாவற்றையும் கழுவிப் பார்த்தார். ஒரு பல்கூடத் தேயவில்லை. மாட்டினார். டிக் டிக் அப்படியே இருந்தது. மறுநாள் மறுபடி கழற்றினார். மறுபடி மாட்டினார். மூன்றாம் நாள் வீலைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராக மாற்றி, காதை ஹப்புக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டாவது கியரிலும் மூன்றாவதிலும் டிக் டிக். முதல் கியரில் அமைதி.

உள்ளே இரண்டு ஜோடி நாக்குகள் இருந்தன. முதல் கியரில் வேலை செய்கிற ஜோடி, மற்ற இரண்டு கியரிலும் வீல் தன்னைவிட வேகமாகச் சுற்றுவதால் சும்மா தட்டிக்கொண்டே போகிறது. அந்த ஹப்பின் இயல்பே அதுதான். சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும். அப்பா வக்கீல் மகனைக் கூப்பிட்டு வண்டியைக் கொடுத்தார். காசு நீட்டியபோது வாங்கவில்லை. "நான் ஒண்ணும் ரிப்பேர் பாக்கலைங்கய்யா. மூணு நாளா படிச்சேன், அவ்வளவுதான்" என்றார்.

ஹப்பின் மேல் ஏ.டபிள்யூ. என்ற எழுத்தும், பக்கத்தில் 52 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. 1952-இல் செய்தது என்று அர்த்தம். எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலு வருடம் கழித்து, இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்து ஸ்டர்மி-ஆர்ச்சர் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட ஹப். ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற இருவர் பெயரைத் தாங்கி, ராலே கம்பெனியின் ஃபிராங்க் பவுடன் 1902-இல் அந்தத் தொழிலைத் தொடங்கினார். வில்லியம் ரெய்லி என்று இன்னொருவர் இருந்தார். அதன் வடிவமைப்பில் பெரும்பங்கு அவருடையது, பெயர்ப்பலகையில் அவர் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏ.டபிள்யூ. மாடல் 1936-இல் வந்தது. அதில் ஒரே ஒரு குணக்கேடு உண்டு. கம்பி தளர்ந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதையும் பிடிக்காத ஒரு இடம் இருக்கிறது, அங்கே மாட்டினால் பெடல் சும்மா சுற்றும். நடுக் கியரில் வைத்து, பொடிச் சங்கிலியின் கம்பி நுனி அச்சின் நுனிக்குச் சமமாக நிற்கும்படி இறுக்கினால் போதும். ஒரு நிமிட வேலை.

வெளியே பல்சக்கரங்களை அடுக்கி, செயினையே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவிடும் யோசனை பிரான்சில் வளர்ந்தது. அதுவரைக்கும் செயின் கழல்வது என்பது சைக்கிளுக்கு வரக்கூடிய பெரிய பழுது. அந்தப் பழுதையே எடுத்துக் கருவி ஆக்கினார்கள். அந்தக் கருவியின் பெயரான டிரேலியர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தடம்புரள வைப்பது என்றுதான் பொருள். சாந்த் எத்தியென் என்ற ஊரில் பால் தெ விவி என்றொருவர், வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தினார். மலைப்பாதையில் ஏறுகிறவனுக்கு ஒரே கியர் போதாது என்று ஆயுள் முழுக்க எழுதினார், ஏறியும் காட்டினார். ஆரம்பத்தில் அவர் வண்டியில் இரண்டு பல்சக்கரம், இறங்கிக் கையால் செயினை மாற்றிப் போட்டுக்கொள்வார்.

எதிர்ப்பக்கத்தில் ஆன்றி தெகிராஞ்சு. 1903-இல் தூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர். கியர் கிழவர்களுக்கு, பந்தயக்காரன் கால் பலத்தால் ஏற வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் பந்தயத்தில் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் வீலைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கம் இருக்கும் பெரிய பல்லில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். டிரேலியரை அனுமதித்தது 1937-இல்தான். அதைப் பார்க்க வெலோசியோ இல்லை. 1930-இல் டிராம் மோதி இறந்துபோனார். நான் வெலோசியோ பக்கம். விராலிமலைச் சந்தைக்குத் தலைச்சுமையைக் கேரியரில் கட்டி எதிர்காற்றில் மிதித்துப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் வேறு எந்தப் பக்கம் நிற்க முடியும்?

டிரேலியரின் அடுத்த ஐம்பது வருட வரலாற்றை ஒரு சைக்கிள் கடைக்காரனாகப் பார்த்தால், செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியின் வரலாறு அது. செயினைத் தள்ளும் சின்னச் சக்கரம் பல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சுத்தமாகத் தாவும், அவ்வளவு அமைதியாக ஓடும். 1950 வாக்கில் இத்தாலியில் தூலியோ கம்பாக்னோலோ கொண்டுவந்த கிரான் ஸ்போர்ட் என்ற டிரேலியர், இணைகரமாக மடங்கி விரியும் கை வைத்திருந்தது. ஆனால் அது பக்கவாட்டில் மட்டும் நகரும், பல்சக்கரங்களோ சின்னதிலிருந்து பெரிதாகப் படிக்கட்டு மாதிரி ஏறுகின்றன. 1964-இல் ஜப்பானில் சன்டூர் கம்பெனி அந்த இணைகரத்தையே சாய்த்து வைத்தது. கை நகரும்போது படிக்கட்டோடு சேர்ந்து தானும் சாய்வாக இறங்கும், ஏறும். இருபது வருடம் அந்தக் காப்புரிமை அவர்களிடம் இருந்தது. அது முடிந்த 1984-இல், சகாய் நகரத்தில் 1921-இல் பிரீவீல் செய்து தொழில் தொடங்கிய ஷிமானோ, சாய்ந்த இணைகரத்தோடு இன்னொன்றையும் சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. லீவரில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு கிளிக்.

அந்தக் கிளிக்குக்கு முன்னால் லீவர் வெறுமனே இறுக்கத்தில் நிற்கும். எந்தக் கியர் எங்கே என்று அதில் அடையாளம் கிடையாது. ஓட்டுகிறவர் லீவரை இழுப்பார், செயின் தாவும், கொஞ்சம் கரகரக்கும். காதால் கேட்டு லீவரை ஒரு நூல் முன்னே பின்னே தள்ளிச் சத்தத்தை அடக்குவார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கியர் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் காது இருந்தே ஆக வேண்டும். கிளிக் வந்ததும் அந்த வேலை லீவருக்குள் போய்விட்டது. லீவர் ஒரு கிளிக்குக்கு இத்தனை மில்லிமீட்டர் கம்பி இழுக்கும், கை இத்தனை மில்லிமீட்டர் நகரும், இரண்டும் ஒத்துப்போனால் அமைதி. எங்காவது அரை மில்லிமீட்டர் பிசகினால் ஓட்டுகிறவரால் ஒன்றும் செய்ய முடியாது, கரகரப்போடு ஓட்ட வேண்டியதுதான். அவர் காதில் இருந்த வேலை கடைக்காரன் காதுக்கு வந்து சேர்ந்தது. கியர் வண்டி வந்ததும் பழைய கடைகளுக்கு வேலை இல்லை என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்குக் காது இப்போதுதான் அதிகம் வேண்டியிருக்கிறது.

இடையில் எங்கள் ஊரில் ஒரு காலம் வந்தது, அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. 1991-இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கற்றுக்கொண்டவர்கள் லட்சம் பேருக்கு மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியிலேயே கற்றார்கள். எங்கள் வாடகை வண்டிகள் எல்லாம் அன்னவாசல் பக்கத்துக் கிராமங்களில்தான் கிடந்தன. சாயங்காலம் திரும்பி வரும் வண்டிகளில் பாதி ஒரே மாதிரி கர்க்... கர்க்... என்று கத்தும். மிதி ஒரு சுற்றுக்கு ஒரு தரம். வலப்பக்கம் விழுந்த வண்டிகள் அவை. செயின் கார்டு மடங்கிக் கிராங்கில் உரசும். அப்பாவும் நானும் ராத்திரி பத்து மணி வரைக்கும் செயின் கார்டு தட்டி நிமிர்த்துவோம். அந்த ஒரு வேலைக்கு மட்டும் அப்பா யாரிடமும் காசு வாங்கவில்லை.

அந்தப் பெண்களில் கல் குவாரியில் வேலை பார்த்த ஒருவர் கடைக்கே வந்து வேலை கற்றுக்கொண்டார். முதல் நாளே அப்பா அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பெடலைச் சுற்றினார். "மிதிக்கு மிதி வரலைங்கண்ணே. ரெண்டு மிதிச்சு, மூணாவதுல பாதியில வருது" என்றார் அவர். எனக்கு மூன்று மாதம் ஆன பாடம். எப்படி என்று கேட்டேன். கல்லைத் தட்டினால் விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சத்தத்தில் தெரியும், இதுவும் அதுதானே என்றார்.

1996 வாக்கில் கிளிக் வைத்த கியர் வண்டி என் கடைக்கு வர ஆரம்பித்தது. அதற்குள் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. வண்டி வந்தால் செயின் ஓடும்போது சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அதிர்வை வைத்தே பாதி சொல்லிவிடுவார்.

இன்றைக்கு ஒருவர் கியர் சத்தம் போடுகிறது என்று வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, வண்டி வலப்பக்கம் விழுந்ததா என்பதுதான். அப்போது செயின் கார்டு மடங்கியது, இப்போது ஆர்.டி.யைத் தாங்கும் ஹேங்கர் வளைகிறது. பின் டிரேலியரை எங்கள் கடைகளில் ஆர்.டி. என்றுதான் சொல்கிறோம். ஹேங்கர் மெல்லிய அலுமினியத் துண்டு. கண்ணுக்குத் தெரியாத வளைவே போதும், எந்தக் கியரிலும் செயின் நேராக உட்காராது. இதைப் பார்க்காமல் கம்பியைத் திருகிக்கொண்டே இருந்தால் ஒரு கியர் சரியாகும், இன்னொன்று கெடும். மூன்று கடைக்குப் போய்வந்த வண்டிகளை நான் இந்த ஒரு துண்டை நிமிர்த்தி அனுப்பியிருக்கிறேன்.

விழவில்லை என்றால், சத்தம் ஒரே கியரிலா எல்லாக் கியரிலுமா என்று பார்ப்பேன். எல்லாக் கியரிலும் குருவி மாதிரி கீச்சிட்டால் ஆர்.டி.யின் குட்டிச் சக்கரம் காய்ந்திருக்கிறது. எல்லாவற்றிலும் உலர்ந்த கரகரப்பு என்றால் செயின். நடுக் கியர்களில் மட்டும், அடுத்த பல்லில் ஏறப் பார்க்கிற மாதிரி படபடவென்றால் கம்பி தளர்ந்திருக்கிறது. புது வண்டியில் முதல் மாதத்தில் இது வரத்தான் செய்யும், கம்பியும் உறையும் படிந்து அமரும் நேரம் அது. பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கம்பி நுழையும் இடத்தில் இருக்கும் திருகை அரைச் சுற்று வெளியே விட வேண்டும், சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் உள்ளே. ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் நான் திருகுவதில்லை. திருகி, மிதித்து, கேட்டு, மறுபடி.

மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் செயின் நழுவி 'டங்' என்றால் அது திருகில் அடங்காது. பழைய ஸ்கேலை எடுப்பேன். பெரும்பாலும் செயினை மட்டும் புதிதாக மாற்றி, தேய்ந்த பல்லை அப்படியே விட்டிருப்பார்கள். புதுச் செயின் பழைய பல்லில் உட்காராது. முன்னால் பெரிய பல், பின்னாலும் பெரிய பல் என்று குறுக்காகப் போட்டு ஓட்டினால் வரும் உரசலுக்கு வைத்தியம் கிடையாது, அப்படி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். கியர் கம்பிக்குப் பிரேக் உறையைப் போட்டு அனுப்புவது. பிரேக் உறை சுருளாகச் சுற்றியது, இழுத்தால் கொஞ்சம் அமுங்கும். பிரேக்குக்கு அது பரவாயில்லை. கியருக்கு அந்த அமுக்கமே அரைக் கியர். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் படுத்திருக்கும், அமுங்காது. வெளியே பார்த்தால் இரண்டும் கறுப்புக் குழாய்தான். ஹேண்டிலைத் திருப்பும்போது கியர் தானாகக் கரகரத்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பத்து நாள் முன்பு அண்ணா சிலையிலிருந்து கல்லூரிப் பெண் ஒருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கியர் செட்டையே மாற்ற வேண்டும், ஆறாயிரம் ஆகும் என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டார்களாம். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினேன். சத்தம் வந்தது. வலப்பக்கம் திருப்பினேன், நின்றது. உறையை வெட்டி அவளிடமே காட்டினேன், உள்ளே சுருள்.

புது உறை போட்டுக் கம்பியை இறுக்கியதும் அவளை ஓட்டிப் பார்க்க அனுப்பினேன். எந்த வண்டியையும் நான் ஓட்டிப் பார்ப்பதில்லை, உடையவரைத்தான் அனுப்புவேன். தெருக்கோடி வரை போ, எல்லாக் கியரும் மாற்று, திரும்பி வரும்போது மாரியம்மன் கோயில் தாண்டியதும் மிதிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே உருட்டிக்கொண்டு வா என்றேன். பக்கத்து டீக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். செயின் சத்தம் இல்லை. பிரீவீல் மட்டும் கிரகிரவென்று, இடைவெளி பிசகாமல், என்னை நெருங்கி வந்தது.